முற்றத்து நீர்வீழ்ச்சி

மதுரையில் கல்யாணப் படம் எடுக்கிறவர்களிடம் என் பெயரைச் சொன்னால், "அந்த ரா அக்காவா?" என்பார்கள். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி. விஷயம் இதுதான். கேமரா ஒரு படத்தை இரண்டு விதமாக எழுதி வைக்கும். உள்ளே விழுந்த வெளிச்சத்தைக் கை வைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டால் அது ரா. நிறத்தையும் வெளிச்சத்தையும் கேமராவே முடிவுசெய்து, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுருக்கிக் கொடுத்தால் அது ஜேபெக். ராவில்தான் எடுக்க வேண்டும் என்று பல வருஷமாகக் கண்ட இடத்திலெல்லாம் சண்டை போட்டுவருகிறேன். எங்கள் வீட்டு பீரோவில் புடவையைவிட ஹார்ட் டிஸ்க்தான் அதிகம் என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

யாழ்ப்பாணத்துப் படப்பிடிப்பாளர்கள் சிலர் சேர்ந்து, ஒருநாள் வந்து இதையே பேசுங்கள் என்று கூப்பிட்டபோது மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட்டேன். காசு கொடுத்தாலும் என் பேச்சைக் கேட்க மதுரையில் ஆள் கிடையாது.

செவ்வாய்க்கிழமை பேச்சு. எங்கள் ஊராக இருந்தால் பத்தாவது நிமிஷத்தில் ஒருவர் எழுந்து கத்தியிருப்பார். இங்கே எல்லோரும் அமைதியாக "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்கள். ஆகா, மொத்தக் கூட்டமும் நம் பக்கம் வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். நீங்கள் சொல்வது காதில் விழுகிறது என்பதற்குத்தான் அந்த 'ஓம்' என்பது மதியத்துக்குமேல்தான் புரிந்தது.

கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். தீவுப் பக்கம் ஊர்காவற்றுறையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அன்ரன். ஐம்பதைத் தொட்ட கனத்த உடம்பு, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி.

"அக்கா, நீங்கள் சொல்லுறது சரி. ஆனா எங்கட ஆக்களுக்குத் தாலி கட்டி முடியமுன்னம் படம் வெளிநாட்டுக்குப் போகவேணும். மாப்பிள்ளையின்ரை தமக்கை அங்கை ஃபோனைப் பிடிச்சுக்கொண்டு இருப்பா. அவவுக்கு நான் றோவை அனுப்பினா, அவ என்னெண்டு திறக்கிறது?"

ராவை அங்கே றோ என்கிறார்கள். ரா என்பது அரிசி, ஜேபெக் என்பது பொட்டலம் கட்டிய சோறு, அரிசி கையில் இருந்தால் வேண்டியதை ஆக்கிக்கொள்ளலாம் என்று என் வழக்கமான உதாரணத்தை எடுத்துவிட்டேன்.

"பசிச்சு நிக்கிறவனுக்குச் சோறுதானே அக்கா வேணும்" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது, மறைப்பானேன்.

அவர் உட்காரவில்லை. "இன்னொண்டு. என்ரை கமராவிலை ஒவ்வொரு படத்துக்கும் ரண்டு கோப்பு விழுது. ஒண்டு திறக்கும். மற்றது வெள்ளையாய் நிக்கும், திறக்காது. அது என்ன?"

"கேமரா யார் வாங்கித் தந்தது அண்ணே?"

"மச்சான் வெளிநாட்டிலை இருந்து அனுப்பினவர். அவர் வைச்சுத் தந்த மாதிரியே கிடக்கு. நான் ஒண்டையும் மாத்தேல்லை."

"அப்போ நீங்களும் ராவில்தான் எடுத்துட்டு இருக்கீங்க. அந்த வெள்ளையா நிக்கிறதுதான் ரா."

கூட்டம் மறுபடி சிரித்தது. அன்ரன் சிரிக்கவில்லை. மெதுவாக உட்கார்ந்தார். தேநீர் இடைவேளையில் எல்லோரும் மீன் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் தன்னுடையதைக் கையில் பிடித்தபடியே ஜன்னலோரம் நின்றார். அவமானப்படுத்திவிட்டோமோ என்று எனக்கு உறுத்தியது.

சாயங்காலம் நான் தங்கியிருந்த வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, நாளைக்கு என்னோடை நெடுந்தீவுக்கு வர ஏலுமோ? ஒரு பிள்ளையின்ரை வாழ்க்கை அந்த வெள்ளைக் கோப்புக்குள்ளை இருக்கும் எண்டு நினைக்கிறன்."

கதையைச் சொன்னார். நெடுந்தீவில் சுகன்யா என்று ஒரு பெண். மாப்பிள்ளைக்கு ஐரோப்பாவில் வேலை. லீவில் வந்து கல்யாணம் கட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவள் அங்கே போக வேண்டுமென்றால் விசா வேண்டும். கல்யாணம் உண்மையானதுதான் என்பதற்குப் படங்களைக் கேட்டார்கள். அவள் அன்ரன் செய்து கொடுத்த ஆல்பத்தைப் பெருமையாக எடுத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போனாள்.

ஆல்பம் என்றால் சும்மா ஆல்பமா. தீவுப் பக்கத்தில் உள்ளதை உள்ளபடி அச்சடித்துக் கொடுத்தால் அது குறை வேலையாம். பின்னால் அரண்மனை வேண்டும், பனிமலை வேண்டும், அன்னப்பறவை நீந்த வேண்டும். மதுரையிலும் ஒருகாலத்தில் இந்தக் கூத்தெல்லாம் இருந்ததுதான். அன்ரன் அந்தத் தம்பதிக்குப் பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியை வைத்திருந்தார்.

"ஒஃபிசர் படத்தைக் காட்டி, இது எங்கை எடுத்தது எண்டு கேட்டவராம். அந்தப் பிள்ளை, எங்கட வீட்டு முத்தத்திலை எண்டு சொன்னதாம்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"அதோடை விட்டாலும் பரவாயில்லை. குடும்பப் படத்திலை அவளின்ரை தமையனும் நிக்கிறான். அவனும் அங்கைதான் இருக்கிறான், கலியாணத்துக்கு வர ஏலாமல் போச்சு. நான்தான் ஒட்டினனான். தமையன் வந்தவரோ எண்டு கேட்க, இல்லை எண்டு சொல்லியிருக்கிறாள். அப்ப படத்திலை நிக்கிறது ஆர் எண்டு கேட்டினமாம். அவ்வளவுதான். படம் பொய், கலியாணமும் பொய் எண்டு மறுத்துப்போட்டினம்."

"ஏன் அண்ணே ஒட்டுனீங்க?"

"எல்லா வீட்டிலையும் ஒரு ஆள் குறையும் அக்கா. ஒட்டாமல் இஞ்சை ஒரு அல்பம் முடிக்கேலாது."

மேல்முறையீட்டுக்கு வெள்ளிக்கிழமையோடு தவணை முடிகிறது. திருத்தாத அசல் படங்கள் இருந்தால் மட்டும் கொண்டுவாருங்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அன்ரனிடம் அசல் கிடையாது. கம்ப்யூட்டரில் இடமில்லாமல், மெமரி சிப்பிலேயே படத்தைத் திறந்து, நீர்வீழ்ச்சியை வைத்து, அதே பெயரிலேயே சேமித்திருக்கிறார். ஜேபெக் எல்லாம் நீர்வீழ்ச்சியாகிவிட்டது. திறக்காத வெள்ளைக் கோப்புகளை மட்டும் என்னவோ ஏதோ என்று பயந்து தொடாமல் விட்டிருக்கிறார்.

"சிப் இப்போ எங்கே?"

"தாய்க்காரி வைச்சிருக்கிறா. எங்கட பிள்ளையின்ரை கலியாணம் எடுத்த சிப்பை அழிச்சுப்போட்டு நாளைக்கு அதிலை ஒரு செத்தவீட்டை எடுப்பியள், அது கூடாது எண்டு சொல்லி, அல்பத்தோடை அதையும் வாங்கிப்போட்டா. எங்கட பக்கம் கன பேர் அப்பிடித்தான்."

எத்தனை முகூர்த்தங்களை அழித்து எத்தனை முகூர்த்தங்களை எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு எண்ணம் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அந்த அம்மாவை அப்போதே பிடித்துப்போயிற்று.

புதன்கிழமை காலை பஸ் ஏறினேன். அன்ரன் ஊர்காவற்றுறையிலிருந்து நேரே வந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. மண்கும்பான், வேலணை என்று பஸ் நின்று நின்று போனது. கடலுக்குள் போட்ட பாதையைத் தாண்டிப் புங்குடுதீவில் ஏறியதும் பெரிய பெரிய கல்வீடுகள், பாதிக்குமேல் பூட்டிக் கிடந்தன. முன் சீட்டில் இரண்டு பெண்கள், ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் ஃபோனில் பார்த்தார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபோன் பக்கம்தான் ஜெயித்தது.

இறங்குதுறையில் ஒரே கூட்டம். பட்டுச்சேலையும் அர்ச்சனைத் தட்டுமாகப் பெண்கள் ஒரு படகை நோக்கி ஓடினார்கள். கூட்டம் ஓடினால் கூடவே ஓடுவது நம் ஊர்ப் பழக்கம். நானும் ஓடி ஏறிவிட்டேன். அடித்தட்டில் உட்கார்ந்தால் கடலும் தெரியாது, வானமும் தெரியாது. பக்கத்து அம்மாவிடம், "நெடுந்தீவு போக இன்னும் எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டேன்.

"நெடுந்தீவோ? பிள்ளை, இது நயினாதீவு அம்மன் கோயிலுக்கெல்லோ போகுது."

அன்ரனுக்குப் போன் போட்டால், அவர் கரையில் எனக்காக நெடுந்தீவுப் படகைக் கயிறு பிடித்து நிறுத்தாத குறையாக நின்றுகொண்டிருக்கிறார். எந்தப் படகு என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "சரி, போனதுக்கு அம்மாளைக் கும்பிட்டு, எங்கட அலுவலையும் சொல்லிவிடுங்கோ" என்றார். கத்தோலிக்கர் அவர். எந்தக் கதவையும் தட்டிவிடலாம் என்ற நிலைமையில் இருந்தார்.

கும்பிட்டேன். அன்னதானத்திலும் உட்கார்ந்தேன். சாம்பாரைத் தேடினேன், கிடைக்கவில்லை. பருப்பும், தேங்காய்ப்பாலில் செய்த கத்தரிக்காய்க் கறியும்தான். குழப்பத்திலும் குற்ற உணர்ச்சியிலும் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். திரும்பி வந்து இறங்கியபோது அன்றைய நெடுந்தீவுப் படகு போய்விட்டிருந்தது. என்னால் ஒருநாள் வீண். அன்ரன் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றிரவு ஊர்காவற்றுறையில் அவர் வீட்டில் தங்கினேன். அவர் மனைவி குசினியிலிருந்து புட்டும் கணவாய்க் கறியும் கொண்டுவந்து வைத்தார். சுவரில் பெரிய குடும்பப் படம். தொழில்காரக் கண் சும்மா இருக்குமா. எல்லோர் நிழலும் இடப்பக்கம் விழ, மூத்த பையன் நிழல் மட்டும் வலப்பக்கம் விழுந்திருந்தது. அவனும் வெளிநாட்டில்தான்.

"நல்லாய் இருக்கெல்லோ? இவர்தான் செய்தவர்" என்றார் அந்த அம்மா.

"நல்லா இருக்குங்க" என்றேன். சொன்னது பொய்யில்லை.

வியாழக்கிழமை சரியான படகில் ஏறினோம். அன்ரன் என் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போனார். அலை நன்றாகவே தூக்கிப் போட்டது. லேப்டாப் பையை வயிற்றோடு கட்டிக்கொண்டு, நனைந்தால் நான் நனைகிறேன் என்று உட்கார்ந்திருந்தேன். கரையிலிருந்து, உழவு மெசின் என்று அங்கே சொல்லும் டிராக்டர் இழுக்கும் பெட்டியில் பயணம். நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் குதிரைகளைப் பற்றி எழுதுகிறார்கள். நானும் பார்த்தேன், அவையும் என்னைப் பார்த்தன. பேச நேரமில்லை.

சுகன்யா வீட்டுப் படலைக் கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். கையிலிருந்த ஃபோனில் யாரோ ஒருவர், மாப்பிள்ளை இருக்கும் குளிர்நாட்டுப் பாஷையில் ஒன்று, இரண்டு எண்ணிக்கொண்டிருந்தார். விசா மறுத்த பிறகும் படிப்பை விடவில்லை.

முதலில் முற்றத்தைத்தான் பார்த்தேன். வெள்ளை மணல், ஒரு முருங்கைமரம், நீலத் தண்ணீர்த் தொட்டி.

"நீர்வீழ்ச்சி எங்கேம்மா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. தண்ணீர்த் தொட்டியைக் காட்டிச் சிரித்தாள். அன்ரன் முருங்கைமரத்தை ஆராய ஆரம்பித்தார்.

சுகன்யாவின் அம்மா குள்ளமான, சுறுசுறுப்பான பெண். என் தோளுக்குத்தான் வருவார். உட்காரக் கதிரை போட்டு, தேத்தண்ணியும் கடித்துக்கொள்ளப் பனங்கட்டி என்ற கருப்பட்டியும் தந்துவிட்டு, அலுமாரியைத் திறந்தார். நகைப்பெட்டிக்குள் ரோஸ் நிறக் காகிதம், அதற்குள் சிப்.

லேப்டாப்பில் செருகினேன். ஒன்றும் வரவில்லை. எடுத்து மறுபடி செருகினேன். அப்போதும் இல்லை. உப்புக்காற்று, செப்புப் பற்களில் கறுப்பு படிந்திருந்தது. அன்ரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வீணாக்கிய ஒருநாள் வேறு நினைவுக்கு வந்து குத்தியது.

"பென்சில் அழிக்கிற ரப்பர் இருக்காம்மா?"

சுகன்யா பாலர் பாடசாலைப் பையிலிருந்து யானை உருவத்தில் ஒரு ரப்பர் கொண்டுவந்தாள். அந்த யானையின் தும்பிக்கையால் பற்களை மெதுவாகத் தேய்த்துத் தேய்த்துக் கறுப்பை எடுத்தேன். மூன்றாம் முறை செருகியபோது சிப் திறந்தது. நீர்வீழ்ச்சிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும், அன்ரன் சொன்ன மாதிரியே, வெள்ளையாக ஒரு கோப்பு. முதல் கோப்பைத் திறந்தேன்.

நீர்வீழ்ச்சி இல்லை. முருங்கைமரம் இருந்தது. நீலத் தொட்டி இருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் கண் கூசி நிற்க, பின்னால் ஒருவர் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கித் தூக்கிப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாய் சொறிந்துகொண்டிருந்தது.

"எங்கட முத்தம்" என்றாள் சுகன்யா.

ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனோம். எல்லாம் சுகமாக இருந்தன. குடும்பப் படம் வந்தது. வரிசையாக எல்லோரும் நிற்கிறார்கள். அம்மாவுக்கும் சுகன்யாவுக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு வெற்றிடம். அம்மாவின் வலது கை மேலே உயர்ந்து, ஒன்றுமில்லாத காற்றின் மேல் படிந்திருந்தது. தன் தலைக்கும் மேலே, எட்டி வைத்த கை.

"மகன் நல்ல உயரம்" என்றார் அன்ரன் மெல்ல. "தோளிலை கை போட்டமாதிரி வையுங்கோ, பிறகு நான் ஆளை வைக்கிறன் எண்டு சொன்னனான்."

அம்மா திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார். ஒட்டிய படத்தைத்தான் இத்தனை நாளும் பார்த்திருந்தார். இதை இப்போதுதான் பார்க்கிறார்.

"இப்பிடியே நான் நிண்டனான்?" என்று கேட்டார். அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. வேறொருத்தி வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்துகொண்டு மூக்கைச் சிந்தினேன்.

"இது வேண்டாம். மற்றப் படங்கள் போதும். பார்க்க மனசுக்கு அந்தரமாய்க் கிடக்கு" என்றார் அன்ரன்.

சுகன்யா தலையை ஆட்டினாள். "இல்லை அன்ரன் அண்ணை. இதைத்தான் முதல் அனுப்பவேணும். அண்ணா வந்தவரோ எண்டு கேட்டவை, வரேல்லை எண்டு சொன்னனான். நான் பொய் சொல்லேல்லை எண்டு இதிலைதானே தெரியுது."

அந்தப் படத்தை வரிசையில் முதலாவதாக நகர்த்தினேன்.

ஆனால் கதை முடியவில்லை. விசாக்காரர்களின் வலைத்தளம் ராவை ஏற்காது. ஜேபெக்தான் வேண்டும், அதுவும் குட்டியாக. நான் பல வருஷமாகத் திட்டிவந்த அதே ஜேபெக். அன்ரன் இரண்டு நாளில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"இப்ப என்ன செய்யப்போறியள், றோ அக்கா?"

என்ன செய்வது, சுருக்கினேன். வக்கீலிடம் கொடுக்க ராக்களை அப்படியே தனியாக ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றிலிருந்தும் எதையும் திருத்தாமல் ஒரு ஜேபெக் எடுத்தேன். திருத்தாத படம் சோர்ந்துபோய், கொஞ்சம் இருட்டாகத்தான் இருக்கும். அன்ரனுக்குக் கை துறுதுறுத்தது.

"பொம்பிளையின்ரை முகம் கறுத்துக் கிடக்கு. ஒரு துளி வெளிச்சம் குடுப்பமோ?"

"தொடாதீங்க அண்ணே."

"ஒரு துளிதானே."

"கையை எடுங்க."

சுகன்யா சிரித்துவிட்டாள். "கறுத்தாலும் அது நான்தானே" என்றாள்.

கிணற்றடியில்தான் சிக்னல் கிடைக்கும். நாங்கள் நான்கு பேரும் கிணற்றுக்கட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படமும் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். படத்தைச் சின்னதாக்கியதால்தான் அந்தத் தீவிலிருந்து அது வெளியேற முடிந்தது. இதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கடைசிப் படம் ஏறி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

கிளம்பும்போது அம்மா ஓர் ஓலைக் குட்டான் நிறையப் பனங்கட்டியைக் கையில் கொடுத்தார். சுவரில் தொங்கிய, மகன் ஒட்டப்பட்ட படத்தைக் காட்டி, "உது அங்கையே இருக்கட்டும்" என்றார். "மற்றதையும் ஒண்டு கழுவித் தாருங்கோ, அன்ரன். பக்கத்திலை கொழுவுவம்."

மதுரைக்கு வந்த பிறகு நான் கொஞ்சம் மாறித்தான் போனேன். இரண்டிலும் எடுக்கிறேன். தாலி கட்டியதும் ஒரு ஜேபெக் தூரத்தில் இருக்கிற யாருக்காவது போய்விடுகிறது. கேட்கிற வீடுகளுக்குச் சிப்பையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். வீட்டுக்காரர் இதற்கும் ஏதோ சொல்லிச் சிரித்தார், ஞாபகமில்லை.

சில மாதம் கழித்து அன்ரனிடமிருந்து குரல் செய்தி வந்தது. "அக்கா, பிள்ளைக்குக் கிடைச்சிட்டுது" என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தார். நான் சமையலறையில் நின்றபடி அதை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன்.

போன வாரம் சுகன்யாவே ஒரு படம் அனுப்பினாள். ஃபோனில் எடுத்து, சுருங்கி, ஓரங்கள் பிசிறிப்போன ஜேபெக். பனியில் மூன்று பேர், கனத்த கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். சுகன்யா, அவள் கணவர், ஓர் ஆள் அகலத்துக்கு வெற்றிடம் விட்டு அந்தப் பக்கம் அவளுடைய அண்ணன். கீழே எழுதியிருந்தாள்: "அம்மாவைக் கூப்பிட விசாவுக்குப் போட்டிருக்கிறம் அக்கா. அவவுக்குத்தான் இந்த இடம். ஒட்டவேண்டாம் எண்டு அன்ரன் அண்ணைக்குச் சொல்லிப்போட்டன்."

அசலை அனுப்பு என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது அதிலேயே தெளிவாகத் தெரிந்தது. நெட்டையான அந்த அண்ணன் வெற்றிடத்தின் மேல் தன் கையை வைத்திருந்தார். அவர் நெஞ்சுக்கும் கீழே இறங்கியிருந்தது அந்தக் கை. அம்மாவின் தோள் உயரத்துக்குச் சரியாக இருந்தது.